இடைவேளைக்குப் பிறகு எந்தப் பக்கம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் அண்ணன்தான் கேட்டான். அவன் ஆடிய ஆட்டத்தை அவனுக்கே சொல்லச் சொன்னான்.

விளையாட்டுக்குக் கேட்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆடியவன் அவன். நான் மேல்வரிசையில் வெயிலில் உட்கார்ந்து, பாதி நேரம் பந்தையும் மீதி நேரம் முன்னால் இருந்தவரின் குடையையும் பார்த்துக்கொண்டிருந்தவள். என்னிடம் என்ன இருக்கிறது சொல்ல?

அவன் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடுகிறவன். இப்படி எழுத இன்னும் கை கூசுகிறது, ஏனென்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. டிஃபென்டர். எதிரணிக்காரன் பந்தோடு வந்தால் வழி விடக் கூடாது, அவ்வளவுதான் வேலை. அதனால் கிளப்பில் அவனுக்குக் 'கதவு' என்று பெயர். வீட்டில் அப்பாவும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். "கதவு சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் வேலையிலிருந்து வருவார். அப்பா லிஃப்ட் மெக்கானிக். அவர் நகைச்சுவை எல்லாமே கொஞ்சம் மேலே போய் நடுவில் நின்றுவிடும்.

(மேலே 'அவ்வளவுதான் வேலை' என்று எழுதியிருக்கிறேன். அண்ணன் படித்தால் அடிப்பான். படிக்க மாட்டான். பள்ளியை விட்டதிலிருந்து அம்மாவோடு தையல் வேலை பார்க்கிறேன். வெட்டு மேசைக்கு அடியில் துண்டுத் துணி மூட்டை. அதற்கும் அடியில் என் நோட்டுகள். அங்கே யாரும் குனிவதில்லை.)

2

தொடக்கம் ஒன்று: 'தொட்டிலில் கிடந்தபோதே அவன் கால்கள் சும்மா இருக்கவில்லை.'

எந்தக் குழந்தையின் கால் சும்மா இருந்தது? விட்டுவிடுகிறேன்.

தொடக்கம் இரண்டு: 'எங்கள் வீட்டில் ஒருவன் பின்னோக்கி ஓடுவான்.'

இது பரவாயில்லை. உண்மையும்கூட. சின்ன வயதில் அவன் முன்னால் நின்று கோல் போடுகிறவனாகத்தான் ஆசைப்பட்டான். பயிற்சி முகாமில் ஒரு கோச் அவனைப் பின்வரிசைக்குத் தள்ளினார். முன்னால் ஓடத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள், எதிரியின் முகத்தைப் பார்த்தபடியே பின்னால் ஓடத் தெரிந்தவன்தான் கிடைப்பதில்லை என்றாராம். அண்ணன் அன்று அழுதான். மறுநாள் காலை எங்கள் குடியிருப்பின் நீள வராந்தாவில் பின்னோக்கி ஓட ஆரம்பித்தான். எதிர்வீட்டு ஆன்ட்டியின் செருப்பு ஸ்டாண்டு, எங்கள் தண்ணீர்க் குடம், அப்பாவின் கருவிப் பெட்டி என்று வரிசையாக எல்லாவற்றிலும் விழுந்தான். பிறகு விழுவது நின்றது. பின்னால் என்ன இருக்கிறது என்பது அவன் முதுகுக்கே தெரிந்துவிட்டது போல.

பெரிய கிளப் ஒன்று உயரம் போதாது என்று அனுப்பிவிட்டது. அடுத்ததில் பெஞ்சிலேயே உட்கார வைத்தார்கள். இப்போதுள்ள கிளப் சிறியது. ஜெர்சியில் எண்ணை அம்மாவே தைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் வழக்கமான டிஃபென்டருக்கு ஆட்டத்தடை விழுந்ததால் அண்ணனுக்கு முதல் அணியில் இடம் கிடைத்தது. முதல் இரண்டு ஆட்டங்களிலும் அவன் பக்கத்தில் ஒரு பந்தும் உள்ளே போகவில்லை. கூட்டம் 'கதவு, கதவு' என்று கத்தியது. அம்மாவுக்கு ஆட்ட விதி எதுவும் தெரியாது. அந்தச் சத்தத்தை மட்டும் வீடு வந்து இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தொடக்கம் மூன்று: 'மூன்றாவது ஆட்டத்தில்

இந்த வாக்கியத்தை முடிக்க மூன்று முறை முயன்றேன். அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறேன்.

3

நான் பார்த்தது இது. எதையும் சேர்க்கவில்லை.

முதல் பாதி முடியப்போகும் நேரம். எதிரணிக்கு ஒரு கார்னர். பந்து உயரமாக வந்தது. அண்ணன் தலையால் முட்ட எம்பினான். அதே பந்தைக் குத்தித் தள்ள எங்கள் கோல்கீப்பரும் எம்பினார். கீப்பரின் முழங்கால் அண்ணனின் நெற்றிப் பொட்டில் பட்டது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. விழுந்தவன் எழுந்தான், கட்டைவிரலைக் காட்டினான், கூட்டம் கைதட்டியது. நடுவர் இடைவேளைக்கு விசில் ஊதினார்.

கால்பந்தில் இடைவேளை முடிந்ததும் இரண்டு அணிகளும் பக்கம் மாறும். இது வரை காத்த கோல் இனி எதிரியுடையது. இது அம்மாவுக்குத் தெரியாது. மற்ற எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரம்தான். எதிரணி நீளமாக ஒரு பந்தை எங்கள் கோல் பக்கம் அடித்தது. அதைத் துரத்தி அண்ணன் ஓடினான். அவர்களுடைய ஸ்ட்ரைக்கரை முந்திக்கொண்டு பந்தை எடுத்தான். அதோடு திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு எங்கள் கோலை நோக்கியே ஓடினான். கீப்பர் இரண்டு கையையும் விரித்து, தட்டிவிடச் சொல்லிக் கத்தினார். அண்ணன் உடம்பை ஒரு பக்கம் சாய்த்துக் காட்டி, மறுபக்கமாக அவரைத் தாண்டி, பந்தை உள்ளே உருட்டினான்.

அவ்வளவு அழகாக அவன் எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

பிறகு கைகளை விரித்துக்கொண்டு எங்களை நோக்கி ஓடி வந்தான். எங்களைத்தான். மேல்வரிசையில் அம்மா எங்கே உட்காருவாள் என்று அவனுக்குத் தெரியும். வாய் நிறையச் சிரிப்பு. தொழிலுக்கு வந்த பிறகு அவன் போட்ட முதல் கோல் அது. அம்மா எழுந்து நின்று கைதட்டினாள். அத்தனை பெரிய மைதானத்தில் கைதட்டியது அவள் ஒருத்திதான். அந்த ஓசை தனியாகக் கேட்டது.

(இங்கே 'மைதானம் உறைந்துபோனது' என்று எழுதினேன். அடித்துவிட்டேன். மைதானம் உறையவில்லை. ஒருவர் பாதி குடித்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஒரு சின்னப் பெண் தன் அப்பாவிடம் யாருக்கு கோல் என்று கேட்டாள். அவர் ஸ்கோர்போர்டைப் பார்த்தார்.)

சிரிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. முதலில் ஒரு மூலையில், பிறகு எல்லாப் பக்கமும். "கதவைத் திறந்து வெச்சு வரவேற்கிறான்டா" என்று எனக்குப் பின்னால் ஒரு குரல். யாரோ அவன் விலைபோய்விட்டான் என்றார்கள். கோச் உடனே அவனை வெளியே எடுத்தார். கடைசியில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். நாங்கள் போட்டது ஒன்று. அவர்களுக்குக் கிடைத்த இரண்டில் ஒன்றும் நாங்கள் போட்டதே.

சேம்சைடு கோல் போடாத டிஃபென்டர் உலகத்தில் இல்லை. காலில் பட்டுப் போகும், தலையில் பட்டுப் போகும், முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். போட்டுவிட்டுக் கொண்டாடியவனை யாரும் பார்த்ததில்லை.

4

அன்று மாலை வீட்டில் அப்பா விளக்கைப் போட்டார். அண்ணன் அணைத்தான். அப்பா மறுபடி போடவில்லை. கைப்பேசியை அவன் தொடவே இல்லை. அந்தக் கோலைத் திரும்பத் திரும்பப் பார்த்து ஊரே சிரிக்கும்போது எப்படித் தொடுவான் என்று நினைத்தேன். அப்படி இல்லை என்று மறுநாள் தெரிந்தது. திரையைப் பார்த்தாலே அவனுக்குக் குமட்டியது.

மறுநாள் அம்மா துணி கொடுக்கப் போயிருந்தபோது என் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நேத்து மேட்ச்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லுடி."

"வெறுப்பேத்தாதண்ணா."

"இல்ல. நிஜமாத்தான் கேக்குறேன். டிரெஸ்ஸிங் ரூம்ல லேஸ் கட்டுனது ஞாபகம் இருக்கு. அப்புறம் பஸ்ல இருக்கேன். நடுவுல ஒண்ணுமே இல்ல."

மிஷினில் காலை வைத்தபடியே இருந்துவிட்டேன். ஊசி துணியை விட்டுத் தாண்டி வெறும் தகட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அவன்தான் கையை நீட்டி சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினான்.

கோச்சிடம் வெயிலில் திசை குழம்பிவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறான். கோச் பாதி நம்பியிருக்கிறார். கிளப்புக்கு வியாழக்கிழமை மட்டும் ஒரு மருத்துவர் வருவார். பல கிளப்புகளுக்கு ஒரே ஆள், ஆட்டம் எதையும் பார்த்திருக்க மாட்டார். அவர் கேள்வி கேட்டுப் பார்த்து, தலையில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் சனிக்கிழமை அண்ணன் ஆடலாம். இல்லையென்றால் புதிதாக ஒரு டிஃபென்டரை எடுப்பார்கள். புது ஆளைச் சேர்க்க இந்த வாரம்தான் கடைசி. எடுத்துவிட்டால் அண்ணன் ஒப்பந்தத்தை யாரும் நீட்டிக்க மாட்டார்கள். கொண்டாடியவனை வேறு எந்த கிளப் கூப்பிடும்?

மருத்துவர் கேட்கும் கேள்விகள் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதானாம். கடைசியாக யார் கோல் போட்டார்கள், போன ஆட்டம் யாரோடு, இடைவேளைக்குப் பிறகு எந்தப் பக்கம் நின்றீர்கள். ஆடியவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய சாதாரண விஷயங்கள்.

"நீதான் நல்லா சொல்லுவ. சின்ன வயசுல கரண்ட் போனா நீதானே கதை சொல்லுவ. சொல்லு, நான் மனப்பாடம் பண்ணிக்கிறேன். அம்மாகிட்ட வாயத் திறக்கக் கூடாது."

சத்தியம் வாங்கிக்கொண்டான். கொடுத்தேன்.

5

மொட்டை மாடியில், காயும் துணிகளுக்கு நடுவே, அவனுக்கு அவன் ஆட்டத்தைச் சொன்னேன். முதல் தடவை சொல்லும்போது கோல் வந்த இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "ம், மேல சொல்லு" என்றான். எங்களை நோக்கி ஓடி வந்ததைச் சொன்னேன். அம்மா கைதட்டியதைச் சொன்னேன். ஒரு போர்வையின் மறைவுக்குப் போய் நின்றுகொண்டான். அங்கிருந்தே, "மறுபடி மொதல்லேருந்து" என்றான்.

இரண்டாவது தடவை நான் ஒன்று சேர்த்தேன். ஏன் சேர்த்தேன் என்று தெரியவில்லை. கதை அந்த இடத்தில் மொட்டையாக இருந்தது. கீப்பரின் முழங்கால் பட்டு விழுந்தபோது எதிரணி ஸ்ட்ரைக்கரும் பக்கத்தில் விழுந்ததாகவும், அண்ணன் முதலில் எழுந்து அவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டதாகவும் சொன்னேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஸ்ட்ரைக்கர் விழவே இல்லை. என் அண்ணனைப் பற்றி ஒரு நல்ல வரியாவது கதையில் இருக்கட்டும் என்று நினைத்திருப்பேன்.

மறுநாள் காலை அப்பா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே, அடி பலமோ என்று பொதுவாகக் கேட்டார். அண்ணன் தோளைக் குலுக்கினான்.

"அதெல்லாம் இல்லப்பா. அவனும்தான் விழுந்தான். நான்தான் கை குடுத்துத் தூக்கி விட்டேன். அவன் உள்ளங்கை ஜில்லுனு இருந்துச்சு. அந்த வெயில்லயும்."

உள்ளங்கை ஜில்லென்று இருந்ததாக நான் சொல்லவில்லை.

எழுதுகிற யாருக்கும் இது ஒரு கனவாக இருக்கலாம். தான் உண்டாக்கிய ஒன்று இன்னொருவர் தலைக்குள் போய் உடம்போடு எழுந்து நிற்பது. எனக்கு அது வேண்டாம். அவனை மாடிக்கு இழுத்துப் போய்ச் சொன்னேன். அது நடக்கவில்லை, நான் சேர்த்தது, மருத்துவரிடம் அதைச் சொல்லாதே என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"நீ மேல உக்காந்திருந்த. உனக்கு என்ன தெரியும்? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

6

இந்தக் கதையில் மருத்துவரை எப்படி எழுதுவது என்று குழம்பினேன். பார்க்காத ஆள். முதலில் ஒரு கொடுமைக்காரராக எழுதிப் பார்த்தேன்: மூக்குக் கண்ணாடி, கடுகடுப்பு, ஓர் இளைஞனின் வாழ்க்கையைப் பேனாவால் கிழிப்பவர். அரைப் பக்கம் சுகமாக ஓடியது. அதற்குள் அந்தக் கீப்பர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அவர்தான் அணியில் மூத்தவர். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். இப்போதெல்லாம் பகலிலும் தூங்குகிறான். அம்மா டீ போட உள்ளே போனாள். கீப்பர் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவர் முழங்காலுக்கு ஒன்றுமில்லை.

"தலை வலிக்குதுங்கிறானா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

நான் இல்லை என்று தலையாட்டினேன். சத்தியம் செய்திருந்தேனே.

"கோச்கிட்ட நான்தாம்மா சொன்னேன், டாக்டர்கிட்ட காட்டணும்னு. அவன் என் மேல கோவமா இருப்பான். இருக்கட்டும். என்னை ஏமாத்தித் தாண்டிப் போனான் பாரு, அப்ப அவன் கண்ணைப் பாத்தேன். நான் யாருன்னே அவனுக்குத் தெரியல." டீ வந்தது. வாங்கி வைத்துக்கொண்டார். அம்மா திரும்பிப் போனதும் சொன்னார். "எங்ககூட ஒருத்தன் ஆடிட்டிருந்தான். மொத அடி ஒண்ணும் பண்ணல. ஒரு வாரத்துல ரெண்டாவது அடி. லேசான அடிதான். இப்ப அவங்க அம்மாதான் அவனுக்கு ஊட்டி விடுறாங்க. அவனுக்கு என்னைவிட ரெண்டு வயசு கம்மி."

டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். அம்மா வந்து, சர்க்கரை கம்மியோ என்று கேட்டாள்.

மருத்துவரைப் பற்றி எழுதிய அரைப் பக்கத்தைக் கிழித்தேன்.

7

முடிவுகள்.

அ) தங்கை வேண்டுமென்றே ஒரு பதிலைத் தப்பாகச் சொல்லிக் கொடுக்கிறாள். எங்கள் அணியின் அந்த ஒரே கோலைப் போட்டது யார் என்பதில் பெயரை மாற்றிவிடுகிறாள். அண்ணன் மருத்துவரிடம் தவறுகிறான், தப்பிக்கிறான், தங்கையை வாழ்நாள் முழுக்க மன்னிக்காமல் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறான்.

இதை எழுதியபோது சரியாகத்தான் இருந்தது. புதன்கிழமை மாடியில் நிஜமாகவே முயன்றேன். "நம்ம கோலைப் போட்டது யாரு?" என்று கேட்டான். தப்பான ஆளைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவன் குழந்தை மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். சரியான ஆளைச் சொல்லிவிட்டேன்.

ஆ) தங்கை அம்மாவிடம் சொல்லிவிடுகிறாள்.

அம்மாவுக்கு இன்னும் அந்தக் கைதட்டலே தீரவில்லை. மிஷினில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று தன் கைகளைப் பார்த்துக்கொள்கிறாள். "எனக்குத் தெரியாதேடி, எந்தப் பக்கம்னு" என்றாள் ஒரு தடவை. இதை அவளிடம் எப்படிக் கொண்டுபோவேன்?

இ) அண்ணன் சனிக்கிழமை ஆடுகிறான், ஒன்றும் ஆகவில்லை, கூட்டம் மறுபடி 'கதவு' என்று கத்துகிறது.

ஈ) அண்ணன் சனிக்கிழமை ஆடுகிறான்,

8

இது வரை வீட்டில் எழுதியது. இந்தப் பகுதியைக் கிளப் அலுவலகத்தில், மருத்துவர் அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் எழுதுகிறேன். வீட்டுக்கு வெளியே நோட்டைத் திறப்பது இதுவே முதல் தடவை. யாரும் கவனிக்கவில்லை. எதிரே ஒருவர் பந்துகளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருக்கிறார்.

பஸ்ஸில் அண்ணனோடுதான் வந்தேன். வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பதில்களை முணுமுணுத்தான். ஒரு திருப்பத்தில் என் தோளில் சாய்ந்தான். இறங்கியதும், வந்த வழியிலேயே ஒரு கணம் திரும்பி நடந்தான். கையைப் பிடித்துத் திருப்பினேன். "தெரியும் தெரியும்" என்றான். பெஞ்சில் என்னை உட்கார வைத்துவிட்டு, தன் பையை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனான்.

மருத்துவர் பெண். நான் கற்பனை செய்த எதுவும் இல்லை. கதவைச் சரியாகச் சாத்தவில்லை, பேசுவது கேட்கிறது. பள்ளியில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் மேசையைப் பிடித்துக்கொள்வேன், அது மாதிரி இடது கையால் அவன் பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், உள்ளே இருப்பவன் அவன்தான் என்றாலும்.

எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்கிறான். என் வாக்கியங்கள். நான் நிறுத்திய இடங்களில் அவனும் நிறுத்துகிறான். எங்கள் கோலைப் போட்டவர் யார், சரி. போன ஆட்டம் யாரோடு, சரி. எந்தப் பக்கம், சரி. கை கொடுத்துத் தூக்கியதைப் பற்றி அவர் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மருத்துவர் சிரிக்கிறார். பேனாவை எடுக்கும் ஓசை கேட்கிறது. பிறகு, பேச்சோடு பேச்சாக, கேள்வியாகக்கூட இல்லாமல்:

"வெளியில வெயில் ஜாஸ்தியா? யாரோட வந்தீங்க?"

"தனியாத்தான் வந்தேன், டாக்டர்."

காற்று அடிப்பவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் ஏதோ சத்தம் போட்டிருக்க வேண்டும்.

அவன் பொய் சொல்லியிருக்கலாம். தங்கை வந்திருக்கிறாள் என்றால் அவளையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள், நான் உளறிவிடுவேன் என்று யோசித்திருக்கலாம். அப்படி யோசிக்க முடிந்தால் அவன் தலை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை நாங்கள் பேசி வைக்கவில்லை. யோசிக்கிற நேரமும் அவன் எடுத்துக்கொள்ளவில்லை. என் அண்ணன் பொய் சொன்னால் முதலில் ஒரு சின்னச் செருமல் வரும். வரவில்லை. அல்லது கதவு இடுக்கில் எனக்குக் கேட்கவில்லை.

மருத்துவருக்கு இந்தப் பதில் சரியா தப்பா என்று தெரியாது. அவனுக்குத் தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. இந்தக் கட்டிடத்தில் அது தப்பு என்று தெரிந்தது நான் ஒருத்திதான். இப்போது நீங்களும்.

நாற்காலி நகர்கிறது. கையெழுத்துப் போடப் போகிறார்.

பையைக் கொடுக்க வந்ததாகச் சொல்லி உள்ளே போகப் போகிறேன். கதவைத் தள்ளியதும் அவன் திரும்பி என்னைப் பார்ப்பான். மாட்டிக்கொண்டவன் மாதிரி பார்ப்பானா, இவள் எங்கே இங்கே என்று பார்ப்பானா, அதிலேயே எனக்குத் தெரிந்துவிடும். தெரியாமல் போனாலும் மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். என் குரல் வருமா என்று தெரியவில்லை. சனிக்கிழமையை அவனிடமிருந்து பிடுங்கியவள் நான் என்று அவனுக்கு ஞாபகம் இருந்தால், இருக்கட்டும். இருந்தால் நல்லது.

அந்த முகத்தை நான் எழுத மாட்டேன். எழுதினால் ஏதாவது சேர்த்துவிடுவேன். நீங்கள் அவனைப் பார்த்ததில்லை, உங்களால் முடியும். இருபது வயது ஆகாதவன், கதவுப் பக்கம் தலையைத் திருப்புகிறான், கையில் அவன் பையோடு ஒருத்தி நிற்கிறாள். அவன் வாய் திறக்கிறது.

எழுந்துவிட்டேன்.